மராமத்துக் குற்றவாளி

"என் வீட்டை எவனோ ரிப்பேர் பண்ணுதான் வே!" என்று கத்திக்கொண்டே மணிமுத்து அண்ணாச்சி எங்கள் மேஜையில் ஒரு குத்து விட்டார்.

மேஜை இடது பக்கமாகச் சாய்ந்தது. அந்த எவனோ எங்கள் ஆபீசுக்கும் ஒரு நடை வந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே காலுக்கு அட்டையை மடித்து வைத்தேன்.

என் பெயர் ஜாய். தென்காசியில் 'நாறும்பூ துப்பறியும் நிலையம்' என்று தொங்குகிற பலகைக்குக் கீழே மிளகாய் அரைக்கிற மில், மேலே நாங்கள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வருவார்கள். பாதிப் பேருக்குக் காரணம் குடும்பம், மீதிப் பேருக்கு மிளகாய். என் முதலாளி நாறும்பூநாதன் அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்திரண்டு, வேலை பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா என்று கண்டுபிடிக்க டாஸ்மாக்குக்குப் போகமாட்டார். மாப்பிள்ளை வீட்டு நாயிடம் போவார். ராத்திரி மாப்பிள்ளை வரும்போது அது வாலாட்டுகிறதா, வாடைக்குக் குரைக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மூளைக்கு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த கேஸ்தான் இது.

நாறும்பூநாதன் வேர்க்கடலைத் தோலை ஊதினார். "உக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி. எதுவும் களவு போச்சா?"

"களவு போனா நான் எதுக்கு வே இங்கன வாரேன்? போலீஸ் ஸ்டேஷனுக்குல்லா போவேன்! ஒண்ணும் போகல. வந்துகிட்டே இருக்கு. தாழ்ப்பாள் வருது, மூடி வருது, கைப்பிடி வருது. யாரக் கேட்டு வருது?"

ரயில்வே கேட்டைத் தாண்டி அவருக்கு ஒரு வளவு இருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வாடகை வீடுகள். முன்னால் பெரிய வீட்டில் அவரும் அவர் மனைவியும். வாசலில் கறுப்புக் கல்லில் 'மணிமுத்து இல்லம்' என்று தங்க எழுத்து. அந்தக் கல்லைத் தவிர வளவில் வேறு எதற்கும் அவர் ஏழு வருஷமாகச் செலவு செய்ததில்லை.

"சோம்பேறித்தனம்னு நெனச்சிராதேயும்" என்றார் அவரே. "திட்டம்! குற்றாலத்துல சீசன் வந்துட்டா லாட்ஜ்ல எடம் கெடைக்காம சனம் கார்லயே கெடக்கு. அஞ்சு வீட்டையும் தடுத்து ரூம் ரூமா விட்டா எப்படி இருக்கும்? காலி பண்ணுன்னு நேரா சொன்னா கோர்ட்டு கேஸுன்னு இழுப்பாவ. தன்னால போணும். குழாய் ஒழுகுதும்பாவ, 'பாப்போம்'னு சொல்லுவேன். செவரு விரிசல் விட்டிருக்கும்பாவ, 'பாப்போம்'. ஏழு வருசமா ஒரு ஆணி அடிக்கல வே. எம்புட்டு பொறுமை வேணும் தெரியுமா?"

"கஷ்டப்பட்டுத்தான் கெடுத்திருக்கிய" என்றேன்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒரு இஞ்சினியர் வாராரு. கட்டடம் குடியிருக்க லாயக்கில்லன்னு எழுதித் தருவாரு. அந்தத் தாளக் காட்டி வர்ற புதன்கெழமைக்குள்ள எல்லாரையும் கெளப்பிருவேன். இந்த நேரம் பாத்து எவனோ வீட்ட நல்லா ஆக்குதாம்லா!"

"அதென்ன புதன்கெழமை கணக்கு?"

"வியாழக்கெழமை ஆடி பொறக்கும்மா. ஆடியில எவன் வீடு மாத்துவான்? புதனை விட்டா ஆவணிதான். சீசனே முடிஞ்சிரும்."

"உங்க வளவுல பாதிப் பேரு முஸ்லிமும் கிறிஸ்டியனும்லா. அவங்களுக்கு என்ன அண்ணாச்சி ஆடி?"

"அவங்களுக்கு இல்ல. அவங்களுக்குப் புதுவீட்டுச் சாவி குடுக்கப் போறவனுக்கு இருக்குல்லா!"

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் சித்தப்பா சர்ச் சபையில் மூப்பர். அவரே ஆடியில் வீடு மாற மாட்டார். கேட்டால் மழையைக் காரணம் சொல்லுவார்.

மணிமுத்து அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சந்தேகம் மூணாம் நம்பர் வீட்டு முஹ்ஸினா மேல. தையல் மிஷின் போட்டிருக்கா. புருசன் கெடையாது. மக பிளஸ் டூ படிக்கா, பரீட்ச முடியுத மட்டும் இருக்கேன்னு கால்ல விழாத குறை. நீரு பேரை மட்டும் கண்டுபிடிச்சுக் குடும். என் வீட்ல என்னைக் கேக்காம கை வச்சதுக்குக் கேஸ் போட்டு, மொதல்ல அவளத்தான் வெளிய தள்ளுவேன்."

"உங்க வீட்டம்மா ஒண்ணும் பாக்கலையா?"

"அவளா? எப்பக் கேட்டாலும் 'நான் அடுக்களையில இருந்தேன்'ங்கா. அவளுக்கு என்ன தெரியும்?"

ஆதாரம் என்று ஒரு தாளை வைத்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனார். ஆத்திரத்தில் எழுதிய கையெழுத்து. நான் உரக்க வாசித்தேன்.

"ஜூன் பதினாலு, அஞ்சு வீட்டுக் குளியலறைக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள். பதினெட்டு, துவைக்கிற கல்லைச் சுத்தி வழுக்காத சிமெண்டுத் தரை. இருபத்தஞ்சு, அஞ்சு அடுக்களை சன்னலுக்கும் கொசுவலை. இருபத்தெட்டு, தண்ணித் தொட்டிக்கு மூடி. ஜூலை ரெண்டு, அடைச்சிக் கெடந்த சாக்கடை. அஞ்சு, மாடிப்படிக்குக் கைப்பிடி. ஒம்போது, ரெண்டாம் வீட்டு மொட்டைமாடி ஒழுகல். மூணாம் வீடு இன்னும் ஒழுகுது, கடவுள் இருக்காரு."

கடைசி வரியும் அவர் எழுதியதுதான்.

"என்ன தோணுது ஏட்டி?" என்றார் நாறும்பூநாதன்.

"இது ஆம்பள வேலை இல்ல அண்ணாச்சி. ஆம்பளைன்னா மொதல்ல வாசக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பான். ரோட்ல போறவன் பாக்கணும்லா. இது குளியலறைத் தாழ்ப்பாள்ல ஆரம்பிக்கு. கதவ ஒரு கையால பிடிச்சிக்கிட்டு மறு கையால தண்ணி ஊத்திப் பழகுன ஒருத்திதான் இப்படி வரிசை போடுவா."

"அப்ப முஹ்ஸினாவா?"

நானும் எங்க அம்மாவும் வாடகை வீட்டுக்காரர்கள்தான். வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் 'ஆம்பள யாரு இருக்கா?' என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். புருஷன் இல்லாத ஒருத்தி இந்த ஊரில் நாலு நாளில் வீடு பிடிக்கிறதற்கு, கலெக்டர் ஆபீசில் நாலு நாளில் கையெழுத்து வாங்கிவிடலாம்.

"இருக்காது" என்றார் நாறும்பூநாதனே. "வாடகைக்கு இருக்கவ தன் வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் பேசாம இருப்பா. அஞ்சாம் வீட்டுக் கொசு அவளுக்கு எதுக்கு? மூணாம் வீடு இன்னும் ஒழுகிக்கிட்டுல்லா இருக்கு! அடுத்தவன் வீட்டு ஒழுகல அடைச்சிட்டுத் தன் வீட்ட நனைய விடுதவ எவ?"

பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேதி தேதியாக ஒரு கடலையை வைத்தார். ஏழு கடலை. எல்லாம் இரண்டே வரிசையில் விழுந்தன.

"புதன், சனி, புதன், சனி. ஏட்டி ஜாய், புதனும் சனியும் ஆம்பளைக்கு என்ன நாளு?"

"எந்த நாளும் ஆம்பளைக்கு நல்ல நாள்தான் அண்ணாச்சி."

"எண்ணெய் தேச்சிக் குளிக்கித நாளு. நம்ம ஆளு தலையப் பாத்தியா? இந்தச் சீசன்ல அந்தப் பளபளப்பு வீட்டு எண்ணெயில வராது, குற்றாலத்துத் தேப்புலதான் வரும். விடிஞ்சா சனி. உன் வண்டியில பெட்ரோல் இருக்கா?"

*

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குற்றாலத்தில் சாரல் கண்ணுக்குத் தெரியாமல் நனைத்துக்கொண்டிருந்தது. மெயின் அருவியில் கூட்டம். சென்னையிலிருந்து வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு அருவியில் குளிக்கக் காத்திருந்தார்கள். எண்ணெய் தேய்க்கிற இடத்தில் கல்லுக்கு ஒருவராகப் பெரிய மனிதர்கள் கோவணத்தோடு கவிழ்ந்து கிடந்தார்கள். முகம் தரையில் இருந்ததால், வேண்டிய ஆளை முதுகை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"அன்னா, மூணாவது கல்லு" என்றார் நாறும்பூநாதன். "கழுத்துல புலிநகச் செயின்."

"பக்கத்துக் கல்லு காலியா இருக்கு அண்ணாச்சி. தொழில்னு வந்துட்டா வெக்கப்படக் கூடாது."

என்னை முறைத்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். ஐந்து நிமிடத்தில் தென்காசியின் ஒரே துப்பறிவாளர் கல்லில் குப்புறப் படுத்து, முதுகில் எண்ணெய் வழியத் துப்பறிந்தார். நான் முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றேன்.

மணிமுத்து அண்ணாச்சிக்குத் தேய்த்துக்கொண்டிருந்த ஆள் ஒல்லி. ஆனால் கை இரும்பு. பெயர் சுடலையாண்டி என்று மணிமுத்துவின் முனகலிலிருந்து தெரிந்தது.

"போதும்லே சுடலை. குளிக்கப் போறேன்."

"எந்திரிக்காதிய அண்ணாச்சி! எடது தோள்ல ஒரு முடிச்சு நிக்கி. இப்படியே அருவியில போய் நின்னிய, கை இழுத்துக்கிடும்."

மணிமுத்து பயந்துபோய் மறுபடி கவிழ்ந்தார். சுடலையாண்டி காலடியில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனைக் குனிந்து பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை போல. இன்னொரு கை எண்ணெய் ஊற்றினான்.

நாறும்பூநாதனுக்குத் தேய்த்தவரிடம் நான் மெதுவாகக் கேட்டேன். "ஒரு ஆளுக்கு எம்புட்டு நேரம் அண்ணே?"

"அரை மணி நேரம்மா. சீசன்ல அதுவே ஜாஸ்தி."

"அங்கன உள்ளவருக்கு முக்கால் மணிக்கு மேல ஆச்சே?"

"அவரு சுடலை குடியிருக்க வளவுக்கு ஓனரு. ஓசித் தேப்பு. புதனும் சனியும் மூணு மணி நேரம் கல்ல விட்டு எந்திரிக்க விட மாட்டான். போன மாசத்துல இருந்துதான் இப்படி. முன்னயெல்லாம் பத்து நிமிசத்துல தட்டி அனுப்பிருவான்." அவர் நாறும்பூநாதனின் இடுப்பில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "சீசன்ல மூணு மணி நேரத்த ஓசியில விடுதான். ஒண்ணு கிறுக்குப் பிடிச்சிருக்கணும். இல்ல வேற வெவரம் இருக்கணும்."

முதலாளி துள்ளி எழுந்தார். அடியின் வலியா, புத்தியில் பட்டதா என்று தெரியவில்லை.

"அவன் தேய்க்கல ஏட்டி" என்று என் காதில் சொன்னார். "பிடிச்சி வச்சிருக்கான். அங்கன வேல முடிஞ்சதும் போன்ல தாக்கல் வரும், அப்பத்தான் விடுவான். இன்னும் வரல. வண்டிய எடு!"

"குளிச்சிட்டு வாங்க அண்ணாச்சி!"

"நேரமில்ல!"

ஐந்து கிலோமீட்டர். எண்ணெய் வழிகிற ஒரு மனிதரை ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்து ஓட்டியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பிரேக் போட்டால் என் முதுகில் வந்து இடித்தார். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்னால் வழுக்கினார். இலஞ்சி விலக்குப் பக்கம் ஒரு தடவை முழுசாகவே காணாமல் போய், ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

*

'மணிமுத்து இல்லம்' கேட் உள்ளே பூட்டியிருந்தது. தையல் மிஷின் தடதடவென்று ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. நான் கேட்டைத் தட்டியதும் மிஷின் சட்டென்று நின்றது. அதே நொடியில் மொட்டைமாடியில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

"மிஷின் ஓடுனா பயமில்ல, நின்னா ஆபத்து" என்றார் நாறும்பூநாதன். "பக்கா ஏற்பாடு."

கேட்டைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா. கண்ணில் பயம். எண்ணெய் வடியும் ஒரு ஆளையும் பஜ்ஜித் துண்டோடு ஒரு பெண்ணையும் பார்த்தால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

"முஹ்ஸினாதானே? மொட்டைமாடியில யாரு?"

"யாருமில்ல சார். குரங்கு."

"குரங்கு சிமெண்ட் கலக்குமா அக்கா?" என்றேன். வாசலில் பாதிப் பை சிமெண்ட் திறந்து கிடந்தது.

அவள் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றாள். "சார், உங்களுக்குப் புண்ணியமா போவும். போயிருங்க. நான்தான் பண்ணுனேன்னு எழுதிக்கோங்க. என் மேலதானே அவுகளுக்குக் கோவம்? மேல மட்டும் போகாதிய."

வீடே போகும் என்று தெரிந்தும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நாறும்பூநாதன் அவளைச் சுற்றிப் போய், புதுக் கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார். நானும் ஓடினேன்.

மூன்றாம் வீட்டுக்கு மேலே தார்ப்பாயைப் பந்தல்போல இழுத்துக் கட்டியிருந்தது. அதன் அடியில் ஒரு கொத்தனார் சட்டியோடு நின்றார். அவருக்குப் பெயர் ஸ்டான்லி என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் வேலை செய்தது அவர் இல்லை. சேலையை வரிந்து கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கொத்துக்கரண்டியோடு குத்தவைத்து விரிசலை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு பொம்பளை. மூக்குத்தியில் சிமெண்ட் தெறித்திருந்தது.

"அடுக்களையில இருப்பியன்னுல்லா சொன்னாவ" என்றார் நாறும்பூநாதன்.

மணிமுத்து அண்ணாச்சியின் மனைவி முத்துச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அலறவில்லை, ஓடவில்லை. "ஒரு நிமிசம் இருங்க. இது காய்ஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு மீதி விரிசலையும் அடைத்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

"அவுக அனுப்புன ஆளா?"

"ஆமாம்மா. துப்பறியும் நாறும்பூநாதன்."

"எங்க அப்பா கட்டுன வளவு இது. கல்யாணத்துக்கு முந்தி நானும் சட்டி சுமந்திருக்கேன். இது லாயக்கில்லன்னு ஒருத்தன் எழுதப் போறானாம்." அவள் குரல் ஏறியது. "லாட்ஜாக்கப் போறாவளாம். மூணு மாசம் கூட்டம் வரும், ஒழுகுனா ஒரு வாளிய வச்சிட்டு மறுநா கெளம்பிருவான். மீதி ஒம்போது மாசம் வவ்வால்தான் குடியிருக்கும். நல்ல குடித்தனம் பத்து வருசம் இருந்தா, ஒழுகுன அன்னைக்கே வந்து சொல்லுவாவ. சாக்கடை அடைச்சா அவங்களே குச்சிய எடுப்பாவ. வீடு நிக்கும். முஹ்ஸினா மிஷின் சத்தம் நின்னா எனக்கு அந்த வீடே செத்த மாதிரி இருக்கும் அண்ணாச்சி."

"ஒரு குடித்தனக்காரி அஞ்சு வீட்டுக்கும் தாழ்ப்பாள் போட மாட்டா" என்றார் நாறும்பூநாதன். "அஞ்சும் என்னுதுன்னு நெனைக்கவதான் போடுவா. வீட்டு வரித் தீர்வை ரசீது யார் பேர்ல வருதும்மா?"

முத்துச்செல்வி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

எனக்குப் பிடரியில் ஒரு அடி விழுந்ததுபோல இருந்தது. "அக்கா! உங்க பேர்லயா?"

"அப்பா எனக்குத்தான் எழுதி வச்சாரு. முன்னால உள்ள பெரிய வீடும் சேத்து. ஆனா கல்யாணச் சபையில மாப்ளைட்ட, 'எல்லாம் உங்களுக்குத்தான் மாப்ள'ன்னு மரியாதைக்குச் சொன்னாரு. இவுக அதையே பத்திரம்னு நெனச்சிட்டாவ. தீர்வை கட்டுதது நான். ரசீத பீரோவுல வைக்கது நான். இருபத்தாறு வருசத்துல ஒரு நா அத எடுத்துப் பாக்கல."

"நீங்க சொல்லலையா?"

"ஓனரு ஓனருன்னு நாலு பேரு கூப்பிடுததுல அவுகளுக்கு ஒரு சந்தோசம். அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." கரண்டியைச் சட்டியில் போட்டாள். "நீங்க சொல்லிருவியளோ?"

"சொல்லித்தான் ஆகணும். அது தொழில்."

"பன்னெண்டு மணிக்கு இஞ்சினியர் வந்துட்டுப் போன பெறவு சொல்லுங்களேன்."

"அவரு இருக்கும்போதே சொல்லப் போறேன்."

பின்னால் ஏறி வந்திருந்த முஹ்ஸினா அழுதேவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளியைப் படியில் உருட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உடம்பெல்லாம் எண்ணெய், லேசில் உருண்டிருப்பார்.

அவர் முத்துச்செல்வியையே பார்த்தார். "ஒருத்தர் சந்தோசத்துக்கு அஞ்சு குடித்தனமும் ஏன் வாடகை குடுக்கணும் தாயி?"

அவள் மடியிலிருந்து பீரோச் சாவியை எடுத்தாள்.

*

பன்னிரண்டு மணிக்கு மணிமுத்து அண்ணாச்சி அருவி வாசத்தோடு இஞ்சினியரையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இஞ்சினியர் கையில் அறிக்கை ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. கட்டடத்தைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

பார்த்தார். தாழ்ப்பாளை ஆட்டினார். கைப்பிடியை இழுத்தார். சாக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது சலசலவென்று ஓடுவதைச் சோகமாகப் பார்த்தார். ஒழுகுகிற கூரை வேண்டும் என்று கேட்டு மூன்றாம் வீட்டுக்குள் போய், காய்ந்து கிடந்த கூரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இதுல எத இடிஞ்சி விழும்னு எழுத?"

மணிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. வளவுக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். "இதைத்தான் சொன்னேன்! சதி! நாறும்பூநாதன், பேரு கெடைச்சதா இல்லையா? இஞ்சினியர் முன்னாலயே சொல்லும். இவதானே?" என்று முஹ்ஸினாவை நோக்கிக் கையை நீட்டினார்.

முதலாளி ஒரு கவரைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்த மணிமுத்து குழம்பினார்.

"என்ன வே இது? குத்தவாளி பேரு கேட்டா நகராட்சித் தீர்வை ரசீதக் குடுக்கேரு?"

"அதுல பேரு இருக்கு பாருங்க."

"முத்துச்செல்வின்னு இருக்கு. அது ரசீது என் பொண்டாட்டி பேர்ல…" அவர் நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இது வீட்டுக்காரங்க பேருல்லா. நான் கேட்டது ரிப்பேர் பண்ணுன ஆளு பேரு."

"ரெண்டும் ஒரே பேருதான் அண்ணாச்சி."

இஞ்சினியர் தன் அறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கு நல்ல பிழைப்பு புத்தி இருந்தது.

முத்துச்செல்வி முன்னால் வந்தாள். மூக்குத்தியில் சிமெண்ட் இன்னும் இருந்தது. "ஏங்க, நான்தான் பண்ணுனேன். இனிமேலும் பண்ணுவேன். புதன், சனின்னு ஒளிஞ்சி பண்ண மாட்டேன். முஹ்ஸினா எங்கயும் போகப் போறதில்ல."

மணிமுத்து எதற்கோ வாயைத் திறந்தார். "பாப்போம்" என்றார். ஏழு வருஷப் பழக்கம்.

"நான் பாத்தாச்சி" என்றாள் முத்துச்செல்வி. என் பக்கம் திரும்பினாள். "ஜாய், ஒரு வெள்ளத்தாள் எடும்மா. இப்ப இதுல எழுதுவோம். திங்கக்கெழம முறைப்படி பதிஞ்சிருவோம். மூணு வருசத்துக்கு வாடகை ஒப்பந்தம். வெள்ளையடிக்கது, ஒழுகல் பாக்கது வீட்டுக்காரி பொறுப்பு. குழாய நல்லா மூடுதது குடியிருக்கவ பொறுப்பு."

நான் ஸ்கூட்டர் சீட்டிலேயே வைத்து எழுதினேன். முத்துச்செல்வி கையெழுத்துப் போட்டாள். முஹ்ஸினா கையிலிருந்து பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. போட்டு முடித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். நானும் அழுதேன். அங்கே மிளகாய் மில் இல்லை.

மணிமுத்து அண்ணாச்சி நடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"நான் எங்கன போடணும்?"

முத்துச்செல்வி தாளின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். "சாட்சி."

அவர் கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் அதன் கீழே 'வீட்டு உரிமையாளர்' என்றும் எழுதிவிட்டார். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'உரிமையாளரின் கணவர்' என்று எழுதினார்.

முத்துச்செல்வி தாளை வாங்கி வாசித்தாள். அதைப் பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் தேச்சிக் குளிச்ச வயிறு, பசிக்கும்லா. வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.